வயதாகிவிட்டது என்பது நோயின் பெயரல்ல

சென்ற இதழில் ஒரு வாசகியின் 14 வயது நாயைப் பற்றிப் போகிற போக்கில் நான்கு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களை மேசையில் அடுக்கினால் என் மூக்குக்கண்ணாடி உயரத்துக்கு வருகிறது. குட்டி வளர்ப்பைப் பற்றி ஆண்டுக்கணக்காக எழுதியிருக்கிறேன். இத்தனை பேர் பேனாவை எடுத்ததில்லை. அதனால் இந்த முறை முழுக்கக் கிழட்டு நாய்களுக்கே. பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் எல்லாருடைய பெயரையும் விட்டுவிட்டேன். நாய்களின் பெயரை விடவில்லை, அவை ஆட்சேபிக்காது.

மணியின் வீட்டிலிருந்து: டாக்டர் அம்மா, மணிக்கு 12 வயது. ஆறு மாதமாக மாடிப்படி ஏறுவதில்லை. படுத்து எழுந்தால் பின்னங்காலை இழுத்து நடக்கிறான். பத்து நிமிடம் நடந்துவிட்டால் சரியாகிவிடுகிறது. ஒரு நாள்கூட வலியில் கத்தியதில்லை. வயதாகிவிட்டது, அவ்வளவுதான் என்கிறார் என் மாமனார். சரிதானா?

உங்கள் மாமனார் சொல்வதில் பாதி சரி. வயது 12 என்பது சரி. ‘அவ்வளவுதான்’ என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். படுத்து எழும்போது விறைத்து, நடக்க நடக்க இளகுவது மூட்டுத் தேய்மானத்தின் கையெழுத்து. அது வலிக்கும். உங்கள் மாமனாரின் முழங்காலையே கேட்டுப் பாருங்கள்.

நாய் கத்தாது. காலை மிதித்தால் கத்தும். மாதக்கணக்கில் அரிக்கும் வலிக்குக் கத்தாது, வாழ்க்கையைச் சுருக்கிக்கொள்ளும். மாடி வேண்டாம் என்று விடும். பிறகு சோபா வேண்டாம். பிறகு வாசல்வரை வந்து வரவேற்பது வேண்டாம், படுத்த இடத்திலிருந்தே வாலை ஆட்டினால் போதும். ஒவ்வொன்றாகக் கைவிடுவதைப் பார்த்து நாம் ‘அடங்கிவிட்டான்’ என்று மெச்சிக்கொள்கிறோம். முன்னங்காலின் மணிக்கட்டை ஓயாமல் நக்குகிறானா, உட்காரும்போது ஒரு காலைப் பக்கவாட்டில் நீட்டிக்கொள்கிறானா, எழுவதற்கு முன் ஒரு கணம் யோசிக்கிறானா என்று பாருங்கள். அந்த ஒரு கணம்தான் நாயின் முனகல்.

மருத்துவரிடம் போங்கள். சிறுநீரகமும் கல்லீரலும் எப்படி இருக்கின்றன என்று இரத்தப் பரிசோதனை செய்துவிட்டு, கார்ப்ரோஃபென் அல்லது மெலாக்சிகாம் போன்ற ஒரு மருந்தை எடைக்கு ஏற்றபடி தருவார். வீட்டு அலமாரியில் இருக்கும் மனிதர் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கும் வேலை வேண்டாம். இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் இரண்டும் நாயின் வயிற்றில் புண்ணை உண்டாக்கி, சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியவை. பாராசிட்டமால் அளவு மிஞ்சினால் கல்லீரலையும் இரத்தத்தையும் தாக்கும். கெடுதல் செய்ய நினைத்து யாரும் கொடுப்பதில்லை. நான் பார்த்த அத்தனை பேரும் பாசத்தில்தான் கொடுத்தார்கள்.

மருந்துக்குப் பாதி வேலைதான். மீதி தரையில் இருக்கிறது. வழுக்கும் தரையில் கிழட்டு நாய் நடப்பது, எண்ணெய் கொட்டிய தரையில் நாம் நடப்பது போல. படுக்கையிலிருந்து தண்ணீர்ப் பாத்திரம் வரை, அங்கிருந்து வாசல் வரை, வழுக்காத விரிப்புகளைத் தொடர்ச்சியாகப் போடுங்கள். பாதத் திண்டுகளுக்கு நடுவே வளரும் முடியைக் கத்தரியுங்கள். நகத்தை வெட்டுங்கள், நடை குறைந்தால் நகம் தேயாது, நீண்ட நகம் பாதத்தையே பின்னுக்குத் தள்ளும். எடை கூடியிருந்தால் குறைக்கப் பாருங்கள். மூட்டுக்கு அதைவிட நல்ல மருந்தை நான் இன்னும் எழுதியதில்லை. ஒரே நடையாக அரை மணி நேரம் என்பதை மூன்று பத்து நிமிடங்களாகப் பிரியுங்கள். படி ஏறியே தீர வேண்டும் என்றால், அகலமான துண்டு ஒன்றைப் பின்னங்கால்களுக்கு முன்னால் வயிற்றடியில் கொடுத்து இரு முனையையும் தூக்கிப் பிடியுங்கள்.

இப்படித்தான் ‘அடங்கிப்போன’ ஒரு லாப்ரடாருக்கு வலி மருந்து எழுதிக் கொடுத்தேன். பத்து நாள் கழித்து வீட்டுக்காரர் கோபமாக வந்தார். “டாக்டர், மறுபடியும் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது!” என் தொழிலில் கிடைத்த நற்சான்றிதழ்களில் அதற்கு முதல் இடம்.

பிரவுனியின் வீட்டிலிருந்து: 10 வயது பிரவுனியின் கண்மணி நீலம் பூத்தாற்போல் இருக்கிறது. பார்வை போய்விட்டதா?

இரண்டு கண்ணிலும் ஒரே மாதிரி, லேசான நீலப் புகையாகத் தெரிந்தால், பெரும்பாலும் அது வயதில் லென்ஸ் இறுகுவதால் வருவது. பார்வை அவ்வளவாகக் கெடாது. பால் போல வெள்ளையாக மறைத்தால் கண்புரை. வீட்டில் ஒரு சோதனை: நாய் பார்த்துக்கொண்டிருக்கும்போது பஞ்சு உருண்டை ஒன்றைச் சத்தமில்லாமல் கீழே போடுங்கள். தலை திரும்பினால் நிம்மதியாக இருக்கலாம். திரும்பாவிட்டால், அல்லது கண் சிவந்து நீர் வடிந்தால், தாமதிக்காமல் காட்டுங்கள். பார்வை உண்மையிலேயே போயிருந்தாலும் நாய் நம்மைவிடச் சீக்கிரம் சமாளித்துக்கொள்ளும்; நாற்காலியை மட்டும் தினமும் இடம் மாற்றாதீர்கள்.

ராணியின் வீட்டிலிருந்து: ராணிக்கு 14 முடிந்தது. இரவு இரண்டு மணிக்கு எழுந்து சுவரைப் பார்த்துக் குரைக்கிறாள். பகலெல்லாம் தூக்கம். நேற்று கதவு திறந்திருந்தும், கீல் இருக்கும் பக்கத்துச் சந்தில் முகத்தை வைத்துக்கொண்டு வெளியே போக வழி தெரியாமல் நின்றாள். எதையாவது பார்த்துப் பயப்படுகிறாளா?

கீல் பக்கம் நின்றாள் என்ற அந்த ஒரு வரிக்கு உங்களுக்கு நன்றி. வேறு எதுவும் சொல்லாமல் அதை மட்டும் எழுதியிருந்தாலும் எனக்குப் புரிந்திருக்கும். கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதைப் பதினான்கு வருடமாக அறிந்தவள் அதை மறந்திருக்கிறாள். மனிதருக்கு முதுமையில் மறதி நோய் வருவது போல நாய்க்கும் வரும். அல்சைமர் நோயாளியின் மூளையில் படியும் அதே வகைப் புரதம் இந்த நாய்களின் மூளையிலும் படிகிறது. மூலையில் மாட்டிக்கொண்டு நிற்பது, இரவும் பகலும் தலைகீழாவது, பழகியவரை அடையாளம் தெரியாமல் ஒதுங்குவது, வீட்டுக்குள்ளேயே சிறுநீர் கழிப்பது எல்லாம் அதன் வழிதான்.

ஆனால் அந்த முடிவுக்கு நேராகப் போய்விடக் கூடாது. இரவில் எழுப்புவது வலியாக இருக்கலாம், சிறுநீர் முட்டுவதாக இருக்கலாம், காது கேட்காததால் தன் குரலின் உரப்பே தெரியாமல் குரைக்கலாம். இரத்த அழுத்தமும் பார்க்கச் சொல்லுங்கள். இவை எதுவும் இல்லை என்றால்தான் மூளையின் மேல் பழி போட வேண்டும். செலெஜிலின் என்று ஒரு மருந்து உண்டு. மனிதரின் பார்க்கின்சன் நோய்க்குத் தருவது. சில நாய்களுக்கு உதவுகிறது. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். வேறு மருந்துகளோடு ஒத்துப்போகாத இடங்கள் அதற்கு உண்டு, ஆகவே ராணி எதையெல்லாம் சாப்பிடுகிறாள் என்று மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

வீட்டில், இரவு அவள் படுக்கும் இடத்தில் சிறு விளக்கு எரியட்டும். பகலில் எழுப்பி வெயிலில் நடத்துங்கள், மோப்பம் பிடிக்க விடுங்கள். தீனியை ஒரு துணியில் சுருட்டி அவளே தேடி எடுக்கட்டும். தூங்கும்போது பின்னாலிருந்து தொடாதீர்கள். முகத்துக்கு எதிரே வந்து, தரையைத் தட்டி, பிறகு தொடுங்கள். சந்தில் மாட்டிக்கொண்டால் கூப்பிடாதீர்கள், பின்னுக்கு வரத் தெரியாது. போய் மெல்லத் திருப்பி விடுங்கள். திட்டாதீர்கள். எதற்குத் திட்டு விழுகிறது என்பதும் அவளுக்கு இப்போது தெரியாது.

பெயர் எழுதாத ஒரு நாயின் வீட்டிலிருந்து: நாயின் ஒரு வயது மனிதரின் ஏழு வயதுக்குச் சமமா?

இல்லை. ஒரு வயது நாய் குட்டி போடும். ஏழு வயதுக் குழந்தை பல் விழுந்து நிற்கும். பெரிய இனங்கள் சீக்கிரம் கிழமாகின்றன: கிரேட் டேன் 7 வயதிலேயே முதியவர், சின்ன இன நாய் அந்த வயதில் நடுத்தர வயதுக்காரர். மிக நீண்ட ஆயுளுக்குப் பெயர் பெற்றது ஆஸ்திரேலியாவில் மாடு மேய்த்த ‘புளூயி’. 29 ஆண்டு 5 மாதம் வாழ்ந்து 1939இல் போனது. அதுவும் தானாகப் போகவில்லை, கடைசியில் மருந்து கொடுத்துத்தான் அனுப்பினார்கள். இந்தச் செய்தியைக் கீழே வரும் ஒரு கேள்விக்காக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

லில்லியின் வீட்டிலிருந்து: லில்லி (11 வயது, கருத்தடை செய்தவள்) சமீப காலமாக நிறையத் தண்ணீர் குடிக்கிறாள். இரவில் வீட்டுக்குள் ஈரமாக்குவதால் மாலை ஏழு மணிக்கு மேல் தண்ணீர்ப் பாத்திரத்தை எடுத்துவிடுகிறோம். இது போதுமா?

பத்திரிகையைக் கீழே வையுங்கள். பாத்திரத்தை நிரப்பி வைத்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

சிறுநீரகம் பழுதானால் சிறுநீரைச் செறிவாக்கும் திறமை போய்விடும். நிறைய வெளியேறும், அதை ஈடுகட்ட நாய் நிறையக் குடிக்கும். வெளியேறுவதால்தான் குடிக்கிறாள். குடிப்பதை நிறுத்தினால் வெளியேறுவது நிற்காது, லில்லிதான் வற்றிப்போவாள். சர்க்கரை நோயிலும், அட்ரீனல் சுரப்பிக் கோளாறிலும் இதே கதை. நாளை காலை அளந்து ஊற்றுங்கள், 24 மணி நேரம் கழித்து மிச்சத்தை அளந்து கழியுங்கள். கிலோவுக்கு 50, 60 மில்லி குடிப்பது வழக்கமானது. 100 மில்லியைத் தாண்டினால், அதாவது 20 கிலோ நாய் நாளுக்கு இரண்டு லிட்டருக்கு மேல் குடித்தால், காலைச் சிறுநீரைச் சுத்தமான புட்டியில் பிடித்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.

தூக்கத்தில் அவளுக்கே தெரியாமல் படுக்கையில் கசிகிறது என்றால் அது வேறு. கருத்தடை செய்த பெண் நாய்களுக்கு வயதாகும்போது சிறுநீர்ப்பை வாய் தளர்வது உண்டு. மாத்திரை இருக்கிறது, நன்றாகக் கேட்கும். எத்தனையோ பெண் நாய்கள் இந்த ஒரு குறைக்காகக் கொல்லைப்புறத்துக்கு மாற்றப்பட்டதைப் பார்த்திருக்கிறேன். இப்போது நினைத்தாலும் எரிச்சல் வருகிறது.

ராஜாவின் வீட்டிலிருந்து: 13 வயது ராஜா மூன்று வாரமாகப் படுத்த படுக்கை. பெரிய உடம்பு. நன்றாகச் சாப்பிடுகிறான், என்னைக் கண்டால் கண் மலர்கிறது. நான் ஒருத்திதான் பார்த்துக்கொள்கிறேன். இடுப்பில் தோல் சிவந்திருக்கிறது.

சிவப்பைப் பார்த்தீர்களே, அங்கேதான் புண் பிறக்கும். இரண்டு மணி முதல் நான்கு மணி நேரத்துக்குள் ஒரு தடவை பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள். இடுப்பு எலும்பு, தோள், முழங்கை, கணுக்கால் என்று எலும்பு துருத்தும் இடங்களைத் தினமும் விரலால் தடவிப் பாருங்கள். முடிக்குள் இருப்பது கண்ணுக்குத் தெரியாது. கை வைத்து அழுத்தினால் தரை தட்டாத அளவுக்கு மெத்தை தடிமனாக இருக்க வேண்டும். சிறுநீர் பட்ட இடம் வெந்துபோகும், அதனால் வாலடியிலும் தொடையிலும் முடியைக் குட்டையாக வெட்டிவிடுங்கள். கழுவி, ஒற்றித் துடைத்து, முழுக்க உலரவிட்ட பிறகே படுக்க வைக்க வேண்டும். ஈ மொய்க்க விடாதீர்கள். ஈரமான முடியில் ஈ முட்டையிட்டால் ஓரிரு நாளில் புழு வைத்துவிடும்.

பக்கவாட்டில் படுத்திருக்கும்போது தீனியோ தண்ணீரோ கொடுக்க வேண்டாம், நுரையீரலுக்குள் போய்விடும். இருபுறமும் தலையணை முட்டுக்கொடுத்து, நெஞ்சின் மேல் நிமிர்த்தி உட்கார வைத்துக் கொடுங்கள். கொடுத்த பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும். நாளுக்கு எத்தனை தடவை சிறுநீர் போகிறது என்று குறியுங்கள். அரை நாளுக்கு மேல் ஒரு சொட்டும் இல்லையென்றால் மருத்துவரைக் கூப்பிடுங்கள். படுத்த நாய்க்குச் சிறுநீர் தேங்குவது பெரிய அவஸ்தை.

‘நான் ஒருத்திதான்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதையும் நோய்க்குறிப்பில் சேர்த்துக்கொள்கிறேன். இரவு முழுக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து, பெரிய உடம்பைப் புரட்டி, பகலில் வேலையும் பார்ப்பது எத்தனை நாள் நடக்கும்? வாரத்தில் இரண்டு இரவாவது வீட்டில் வேறொருவரிடம் அலாரத்தை ஒப்படையுங்கள். உங்கள் முதுகு போய்விட்டால் ராஜாவுக்கு யாரும் இல்லை.

டைகரின் வீட்டிலிருந்து: புற்றுநோய். சாப்பிட மறுக்கிறான். ஊசிக்குழாயில் கரைத்துக் கட்டாயமாக ஊட்டலாமா?

சாப்பிட மறுப்பதற்கும் சாப்பிட முடியாததற்கும் வேறுபாடு உண்டு. தட்டருகே வந்து, முகர்ந்து, உதட்டை நக்கி, எச்சில் விழுங்கிவிட்டு விலகுகிறானா? குமட்டுகிறது, அதற்கு மருந்து இருக்கிறது. கவ்விவிட்டுக் கீழே போடுகிறானா? வாயைப் பாருங்கள், பல்லோ ஈறோ வலிக்கலாம். உணவை உடல் சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கிக் கொடுத்தால் மணம் எழும்பும். கிழட்டு மூக்குக்கு அது வேண்டும். தட்டில் வைக்காமல் உள்ளங்கையில் வைத்து நீட்டிப் பாருங்கள். பசியைத் தூண்டும் மாத்திரைகளும் உண்டு.

இதையெல்லாம் செய்தும் முகத்தைத் திருப்பிக்கொண்டால், வாயைப் பிளந்து ஊட்டாதீர்கள். கடைசி நாட்களில் உங்கள் கை வருவதைக் கண்டு அவன் பயப்படும்படி ஆகிவிடக் கூடாது.

செல்லியின் வீட்டிலிருந்து: 15 வயது. இதயம் வீங்கியிருக்கிறது, நுரையீரலில் நீர் கோக்கிறது என்கிறார்கள். மருந்து கொடுத்து வருகிறோம். ஊசி போட்டு அனுப்புவது ‘எப்போது’ என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? என் கணவர் இயற்கையாகப் போகட்டும், நாம் கை வைக்க வேண்டாம் என்கிறார்.

அடுக்கில் இருந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இதே கேள்விதான், வார்த்தைதான் வேறு. முதலில் கணவருக்கு.

ஐயா, இயற்கையான சாவு என்றதும் தூக்கத்திலேயே அமைதியாகப் போவது என்று நினைக்கிறீர்கள். அப்படிப் போகும் நாய்கள் உண்டு, கொடுத்துவைத்தவை. ஆனால் நுரையீரலில் நீர் கோத்த நாய்க்கு இயற்கை என்பது மூச்சுத் திணறல். சிறுநீரகம் போன நாய்க்கு நாட்கணக்கில் குமட்டல். 15 ஆண்டுகள் தடுப்பூசி போட்டு, உண்ணி எடுத்து, மழையில் நனையாமல் காத்தது எதுவும் இயற்கையில்லை. கடைசி மூன்று நாளில் மட்டும் இயற்கையிடம் ஒப்படைப்பது என்ன நியாயம்?

இனி அம்மாவுக்கு. செல்லி நன்றாகத் தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். ஏறி இறங்கினால் ஒன்று. 30க்குள் இருந்தால் சரி. தொடர்ந்து 30ஐத் தாண்டினால் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள், மருந்தின் அளவை மாற்ற வேண்டியிருக்கும். தினமும் ஒரே நேரத்தில் எண்ணி எழுதுங்கள். ஈறின் நிறத்தையும் பார்த்துப் பழகுங்கள். வெளிறினாலோ நீலம் தட்டினாலோ காத்திருக்காதீர்கள்.

அமெரிக்காவின் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் 2004இல் ஓர் அளவுகோல் தந்தார். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் அதிகமா என்று ஏழு விஷயங்கள். ஒவ்வொன்றுக்கும் 10 மதிப்பெண். மொத்தம் 35ஐத் தாண்டினால் இன்னும் பராமரித்துக்கொண்டு போகலாம். மூச்சு விடுவதை அவர் வலியோடு சேர்த்து முதலில் வைத்தார். எனக்கு அதில் முழுச் சம்மதம். இதில் ஒரே சிக்கல், பாசமுள்ள கை தாராளமாக மதிப்பெண் போடும். நீங்களும் கணவரும் தனித்தனித் தாளில் போட்டு, ஒருவருக்கொருவர் காட்டாமல் ஒரு வாரம் வைத்திருந்து, பிறகு ஒப்பிடுங்கள்.

இதைச் சொல்லும் நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் கருப்பனுக்கும் இதயம்தான். எண்ணிக்கை 28, 34, 40 என்று ஏறியது. என் கையால்தான் நாட்காட்டியின் ஓரத்தில் எழுதினேன். மருந்தைக் கூட்டினேன், இரண்டு நாள் இறங்கியது, மறுபடி ஏறியது. அப்போது என் மகன் வெளியூரில் இருந்தான். அவன் வரட்டும், கருப்பன் அவனுக்காகத்தான் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னேன். மூன்று நாள். மூன்றாம் இரவு அது படுக்கவே இல்லை. படுத்தால் மூச்சு வரவில்லை. முன்னங்கால்களை அகட்டி, முழங்கைகளை வெளிப்புறமாகத் தள்ளி, கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தே இருந்தது. தூக்கத்தில் தலை சரியும், திடுக்கிட்டு நிமிரும், மறுபடி சரியும். நான் பக்கத்தில் உட்கார்ந்து அதன் தாடையை என் உள்ளங்கையில் தாங்கிக்கொண்டேன். என் பை எட்டடி தள்ளி அலமாரியில் இருந்தது. காலையில் மகன் வந்தான். கருப்பன் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. மூச்சு விடுவதிலேயே அதன் கவனம் முழுக்க இருந்தது.

அது மகனுக்காகக் காத்திருக்கவில்லை. நான்தான் காத்திருந்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

அதனால் ‘எப்போது’ என்று கேட்பவரிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: யாருக்காகத் தள்ளிப்போடுகிறீர்கள்? செல்லி இன்னும் வாசல் சத்தத்துக்குக் காதைத் தூக்குகிறாள், படுத்துத் தூங்குகிறாள் என்றால் அவளுக்காக, தாராளமாகத் தள்ளிப்போடுங்கள். படுக்க முடியாமல் உட்கார்ந்து தூங்கும் முதல் இரவு வந்துவிட்டால், இரண்டாம் இரவு வேண்டாம்.

பப்லுவின் வீட்டிலிருந்து: அடுத்த வாரம் தேதி சொல்லியிருக்கிறார்கள். ஊசி போடும்போது என்ன நடக்கும்? நான் உள்ளே இருக்கலாமா? கருணைக்கொலை என்ற சொல்லே என்னைத் தூங்க விடவில்லை.

அந்தச் சொல்லை நானும் விரும்புவதில்லை. நாங்கள் ‘கடைசி ஊசி’ என்போம். நடப்பதை அப்படியே சொல்கிறேன், தெரிந்தால் பயம் குறையும்.

முதலில் மயக்க ஊசி ஒன்றைத் தோலடியிலோ தசையிலோ போடச் சொல்லிக் கேளுங்கள். சில நிமிடங்களில் பப்லு தளர்ந்து தூங்கிவிடும். நீங்கள் பேச வேண்டியதை அதற்கு முன் பேசிவிடுங்கள். பிறகு முன்னங்காலில் கொஞ்சம் முடியை மழித்து இரத்தக் குழாயில் இரண்டாவது மருந்து. வழக்கமாக அது பென்டோபார்பிடல்; மயக்க மருந்துதான், அளவுதான் பல மடங்கு. நினைவு சில நொடிகளில் போய்விடும். இதயம் சில நிமிடங்களில் நிற்கும். மருத்துவர் குழல் வைத்துக் கேட்டுவிட்டுச் சொல்வார்.

கண் மூடாது. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, அதனால் வீட்டார் அதிர்ந்துபோகிறார்கள். ஓரிரு பெரிய மூச்சு வரலாம், தசை துடிக்கலாம், சிறுநீரோ மலமோ வெளியேறலாம். உயிர் திரும்பி வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள்; உணர்வு போன பிறகு உடம்பு செய்யும் வேலை அது. அடியில் ஒரு பழைய துணியை மடித்துப் போட்டுவிடுங்கள்.

உள்ளே இருக்கலாமா என்றால், முடிந்தால் இருங்கள். முடியவில்லையென்றால் மயங்கும் வரையாவது இருங்கள். வீட்டுக்கே வரும் மருத்துவர் கிடைத்தால் இன்னும் நல்லது, மேசை மேல் ஏற்றி இறக்கும் பதற்றம் இருக்காது. வீட்டில் வேறு நாய் இருந்தால், பிறகு வந்து முகர்ந்து பார்க்க விடுங்கள். புதைப்பதாக இருந்தால் ஆழமாகப் புதையுங்கள். அந்த மருந்து உடலில் அப்படியே தங்கும், தோண்டித் தின்னும் பிராணியைக் கொல்லும்.

இரண்டு வாரம் கழித்து ‘அவசரப்பட்டுவிட்டேனோ’ என்று எனக்கு இன்னொரு கடிதம் எழுதத் தோன்றும். எழுதுங்கள், பதில் போடுகிறேன். எல்லாரும் எழுதுவார்கள்.

ஜிம்மியின் வீட்டிலிருந்து (பென்சிலில்): டாக்டர் பாட்டி, ஜிம்மி தூங்கிவிட்டது என்று அம்மா சொன்னார்கள். தோட்டத்தில் வைத்துவிட்டார்கள். எப்போது எழுந்திருக்கும்? எனக்கு ஏழு வயது.

கண்ணா, ஜிம்மி தூங்கவில்லை. இறந்துவிட்டது. அதன் உடம்பு வேலை செய்வதை நிறுத்திவிட்டது, இனி எழுந்திருக்காது. அதற்கு இப்போது வலி இல்லை, பசி இல்லை, இருட்டில் பயம் இல்லை. நீ தப்பு எதுவும் செய்யவில்லை. உனக்கு அழுகை வந்தால் அழலாம். வராவிட்டாலும் பரவாயில்லை, விளையாடப் போகலாம். ஜிம்மி செய்த குறும்பு ஒன்றை எனக்கு எழுதி அனுப்பு, படம் வரைந்தும் அனுப்பலாம்.

அம்மாவுக்கு: ‘தூங்கிவிட்டது’ என்று சொன்னால் இந்த வயதில் இரவு தூங்கவே பயம் வரும். ‘இறந்துவிட்டது’ என்றே சொல்லுங்கள்.

பீமனின் வீட்டிலிருந்து: அம்மா, எனக்கு வயது 74. பீமன் போய் எட்டு மாதமாகிறது. வீடு வெறிச்சென்று இருக்கிறது. இன்னொரு நாய் வேண்டும் என்று மனம் கேட்கிறது. ஆனால் குட்டி எடுத்தால் அது 14 வயது வாழும். எனக்கு 88 ஆகும். அதற்கு முன் நான் போய்விட்டால்?

கணக்கைச் சரியாகத்தான் போட்டிருக்கிறீர்கள். குட்டி வேண்டாம். ஓடவும் குனியவும் கடித்ததைப் பிடுங்கவும் உங்களுக்கும் முடியாது. நாய்க் காப்பகம் எதுவானாலும் அங்கே எட்டு, ஒன்பது வயது நாய் ஒன்று மூலையில் படுத்திருக்கும். வருகிறவர்கள் எல்லாரும் குட்டிகளைப் பார்த்துவிட்டுப் போவார்கள், அது தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளும். அதைக் கேளுங்கள். மெல்ல நடக்கும், நிறையத் தூங்கும், உங்கள் வேகம் அதற்குப் பொருந்தும். உங்களுக்குப் பிறகு யாரிடம் போக வேண்டும் என்பதை அந்த ஆளிடம் கேட்டு, சம்மதம் வாங்கி, ஒரு தாளில் எழுதி மருந்துப் பெட்டிக்குள் வையுங்கள்.

போகும்போது உங்களோடு கண் நன்றாகத் தெரிகிற ஒருவரை அழைத்துப் போங்கள். உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த வயதில் பல்லில் கட்டாயம் ஏதாவது இருக்கும். என்ன இருக்கிறது என்று எழுதுங்கள், அடுத்த இதழில் பல்லைப் பற்றிப் பேசலாம்.